ரூத்தின் கோணல் தையல்

போன கிழமை நோர்பரியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில் இருந்தது. லண்டனில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குக் குடையும் மழையும் ஒரே நாளில் வாய்த்ததில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் லோண்டரிக்குள் ஓடி ஏறினேன். உள்ளே ஒரு பெண் ஈரம் காயாத பருத்தித் துணியை விரித்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஆவி மணம் மூக்கில் ஏறியதும் ரூத்தின் ஞாபகம் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரூத் தன் வாழ்நாளில் ஒரு துணியையாவது ஒழுங்காக அயர்ன் பண்ணியதில்லை. அவளுக்கும் சேர்த்து அதைச் செய்துகொண்டிருந்தது நான்தான்.

ரூத் யூதப் பெண். தன் சனங்களின் கலியாணங்களுக்கும் பண்டிகைகளுக்கும் சடங்குகளுக்கும் வேண்டியதைக் காகிதத்திலும் துணியிலும் செய்து கொடுப்பது அவளுடைய பிழைப்பு. நான் சேலைக்குச் சட்டை தைப்பவள். லண்டன் ரோட்டில் ஒரு பழைய கடைக்கு மேலே இருந்த அறையை இரண்டு பேருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். ஜன்னல் பக்கம் அவளுக்கு, ஹீட்டர் பக்கம் எனக்கு. அந்தப் பாகப்பிரிவினையில் தான்தான் வென்றது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தபடியால் கடைசிவரை சண்டை வரவில்லை.

தொடங்க முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரூத்துக்குத் தமிழ் தெரியாது. 'ஓம்', 'வடை' என்ற இரண்டு சொல்லோடு அவள் வாழ்க்கையை ஓட்டினாள். நாங்கள் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதிலும் என்னுடையது அப்போது நொண்டி நொண்டி நடந்த ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவள் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள், என்னை 'நீர்' என்கிறாள். எவ்வளவு முயன்றாலும் அவளை ஆங்கிலத்தில் கேட்க முடியவில்லை. ஆகவே கேட்கிறபடியே எழுதுகிறேன், நீங்கள் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தை இரண்டாக மடித்து, ஆஸ்பத்திரியில் ஆளை வெட்டுகிற அந்த மெல்லிய கத்தியால் பூவும் கொடியும் மானும் பறவையுமாகச் செதுக்கிக்கொண்டே போவாள். விரிக்கும் நேரம் மூச்சை அடக்கிக்கொள்வாள். என்னையும் மெஷினை நிறுத்தச் சொல்வாள். மெஷின் ஓடினால் காகிதம் பயந்துவிடும் என்பது அவளுடைய எண்ணம். விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒரு தோட்டமே இருக்கும். வெட்டி விழுந்த துண்டுகள் அறை முழுக்கப் பறந்து என் துணிகளில் ஒட்டும். கூறைச் சேலைக்குத் தைத்த சட்டையின் கைக்குள் ஒரு புறாவின் சிறகு இருந்தது என்று ஒரு பெண் கலியாணம் முடிந்தபிறகு கொண்டுவந்து காட்டினாள். நல்ல சகுனம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளுடைய வாடிக்கையாளர்கள் என்னுடையவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்குக் கலியாணத்தின்போது ஒரு ஒப்பந்தம் எழுதுவார்கள், அதைச் சுற்றி ரூத் காகிதத்தில் சித்திர வேலை செய்து கொடுப்பாள். ஒரு மணமகள் தன் நாயையும் அதில் வெட்டித்தரச் சொல்லி அழுதாள். ரூத் யோசித்துவிட்டு மானுக்குக் கொஞ்சம் காதை நீட்டி, வாலைச் சுருட்டி விட்டாள். மணமகளுக்கு அது நாய், வந்த விருந்தாளிகளுக்கு மான். சிங்கம்தான் அவளுக்குக் கடைசிவரை சரிவரவில்லை. எந்தச் சிங்கத்தை வெட்டினாலும் சாப்பிட்டு முடித்த பூனை மாதிரி இருக்கும். அதைச் சொன்னால் கோபம் வரும். கோபத்தில் வடை தின்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய கோயில் மண்டபங்களில் கைவேலைச் சந்தை நடக்கும். மேசை விரிப்பைச் சுமக்க நானும் சிலவேளை கூடப் போவேன். வருகிறவர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், 'என்ன அழகு' என்பார்கள், தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு பெண்மணி என் சேலையைப் பார்த்துவிட்டு, கொச்சியிலிருந்து வந்த யூதப் பெண்ணா என்று ரூத்திடம் ரகசியமாகக் கேட்டாள். ரூத் முகத்தை அசைக்காமல், இல்லை, நோர்பரியிலிருந்து வந்தவள் என்றாள். வெறுங்கையோடு திரும்பும் நாள்களிலும் பஸ்ஸில் அவள் அடுத்த காகிதத்தைப் பற்றித்தான் கதைப்பாள். அந்தச் சுபாவத்தைப் பார்த்து நான் கொஞ்சம் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

காகிதத்தைவிட எனக்குப் பிடித்தது அவள் துணியில் செய்த ஒரு வேலை. ஜெர்மனிப் பக்கத்து யூதரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளைக்குப் பிறந்த புதிதில் செய்யும் சடங்கில் பிள்ளையைச் சுற்றிய துணியை எறியமாட்டார்கள். அதைத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, ஆளுயரத்தைவிட நீளமான ஒரு பட்டியாக்குவார்கள். அதில் பிள்ளையின் பெயரையும், அது எப்படி வாழவேண்டும் என்ற ஆசியையும் வண்ணத்தில் எழுதுவார்கள். வேதத்தைப் படித்து வளரட்டும், மணப்பந்தலைக் காணட்டும், நல்ல காரியங்கள் செய்யட்டும் என்று மூன்று ஆசி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதைத் தன் கையாலேயே கோயிலுக்குக் கொண்டுபோய், வேதச் சுருளைச் சுற்றிக் கட்டக் கொடுக்கும். இந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்கும் கேட்டு வருகிறார்கள் என்று ரூத் சொன்னாள். ரூத் எழுத்தையும் படத்தையும் அற்புதமாகப் போடுவாள். துண்டுகளை இணைக்கும் தையல் மட்டும் மாடு நடந்த வழி மாதிரி இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். அடுத்தவர் தொழிலில் மூக்கை நுழைக்கக் கூடாது.

அந்த அறைக்கு வந்த இரண்டாம் வருஷம் நான் முதல்முறை பிள்ளைத்தாச்சியானேன். ஊரில் பிள்ளை பிறக்கமுன் ஒன்றும் வாங்கிவைக்க மாட்டார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் தையல்காரியின் கை சும்மா இருக்குமா? சட்டை வெட்டி மிஞ்சிய மெல்லிய துணிகளில் கையகலச் சட்டைகளாகத் தைத்து மேசை லாச்சியில் அடுக்கினேன். ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. லாச்சியில் இருந்ததை எல்லாம் என் கணவர் சிவம் ஒரு பையில் கட்டி எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து மாமி ஃபோன் எடுத்தவ, தைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப்பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக எல்லாரும் நினைத்தார்கள், பாவம். பெயர் வைக்கவில்லை, படம் இல்லை. கொஞ்சக் காலம் போக, அப்படி ஒன்று நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது.

மறுபடி பிள்ளைத்தாச்சியானபோது வீட்டில் ஒரு பஞ்சுருண்டைகூட வாங்கவில்லை. கிளினிக்கில் தொட்டில் வாங்கியாச்சா, வண்டில் வாங்கியாச்சா என்று கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். ரூத் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குள்ளும் பிள்ளை கையில் கிடைக்கும்வரை எதையும் தயார்செய்யும் வழக்கம் இல்லையாம். ஆனால் மேசையில் இருந்த குழந்தைப் பட்டிகளைச் சத்தமில்லாமல் சுருட்டி எடுத்து, அந்த வேலைகளை வீட்டில் வைத்துச் செய்யத் தொடங்கினாள். என் கண்ணில் படக்கூடாதென்று. நான் கவனித்தது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் அதற்காக அவளைக் கும்பிடவேண்டும் போல் இருக்கிறது.

பங்குனி மாதத்தில், நாள் நிறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே மகள் பிறந்துவிட்டாள். கோழிக்குஞ்சு அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். அவளுக்கு மூச்சுவிடத் தெரியவில்லை, மெஷின்தான் விட்டுக்கொடுத்தது. தூக்கவும் ஏலாது. அங்கே மலேசியாத் தமிழ்ப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள்.

"அக்கா, சின்னத் துணி ஒண்ணு உங்க நெஞ்சுக்குள்ள வச்சிருங்க. மறுநாள் கொண்டு வாங்க, பிள்ளை பக்கத்துல வைப்போம். பிள்ளைகிட்ட இருந்தத நீங்க கொண்டு போங்க. அது உங்க வாசத்தோட தூங்கட்டும், நீங்க அதோட வாசத்தோட தூங்குங்க."

வீட்டில்தான் ஒன்றும் இல்லையே. ரூத்துக்கு ஃபோன் பண்ணினேன். அறையில் நான் மேசைக்கு விரித்துவைத்திருந்த பழைய நூல்சேலை ஒன்று இருந்தது, தோய்த்துத் தோய்த்துப் பட்டாகிப்போன சேலை. அவள் அதை லோண்டரியில் போட்டு, கைக்குட்டை அளவில் கிழித்து, பாதி காயமுன் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். அன்றிலிருந்து அந்தத் துண்டுகள் எனக்கும் மகளுக்கும் இடையில் போய்வந்தன. மகளிடமிருந்து வருவதில் பாலும் மருந்தும் சேர்ந்த ஒரு மணம் இருக்கும். அதை முகத்தில் போட்டுக்கொண்டுதான் நான் கண்ணயர்ந்தேன். பழசானவற்றை ரூத் தோய்க்க வாங்கிக்கொண்டு போவாள். திருப்பித் தரும்போது எண்ணிக்கை குறைவதை நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரிக் கண்டீனில் வைத்து விஷயத்தை அவிழ்த்தாள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு பட்டி செய்யப்போகிறாளாம். உங்கட ஆக்கள் ஒரு பிள்ளைக்கு எதை விரும்புவினம் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமாளாது. ஒருமுறை முன்கூட்டித் தைத்து நான் பட்டது போதாதா? மெஷினால் மூச்சுவிடுகிற பிள்ளைக்குப் படிப்பும் பந்தலும் எழுதுவதா? அக்கம்பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ரூத் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய அப்பா சின்னப் பிள்ளையாக, தாய் தகப்பன் இல்லாமல், தனியாக ரயிலேறி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர் என்று எனக்கு முன்பே தெரியும். பெட்டிக்குள் அவருடைய பட்டியும் வந்திருக்கிறது.

"அப்பான்ர துணியிலயும் கலியாணத்தைப் பற்றி எழுதியிருந்தது," என்றாள். "எழுதின ஆக்கள் அவற்ர கலியாணத்துக்கு வரேல்ல. வர ஏலாமப் போச்சு. ஆனா கலியாணம் நடந்தது."

நான் எழும்பிப் போய்விட்டேன்.

அவள் லேசுப்பட்டவளா? பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டில் நின்ற சிவத்தைப் போய்ப் பிடித்திருக்கிறாள். சிவத்துக்கு முதலில் பகிடி. விம்பல் என்று அதற்கு ஜெர்மன்காரர் வைத்த பெயரைக் கேட்டுவிட்டு, விம்பிள்டனில் செய்வதா என்று கேட்டாராம். பிறகு மனிதர் கவுண்டரில் நின்றபடியே ரசீதுக் காகிதத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பித்தார். முதலாவது மூச்சு. இரண்டாவது படிப்பு, யாழ்ப்பாணத்தார் அதை விடுவார்களா. மூன்றாவதாகப் பந்தல் வேண்டாம், அது அவள் பாடு, போய்வர வேணும் என்று எழுதினேன் என்றார். எங்கே போய்வர என்றேன்.

"எங்கையெண்டாலும். போனா வீட்டை திரும்பி வரவேணும். எங்களோட படிச்ச எத்தினை பேர் போட்டுவாறன் எண்டு போனவை?"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். படுக்கப் போகமுன் திரும்பிவந்து, "சிங்கம் கீறப்போறாவாம். சிங்கம் வேண்டாம் எண்டு சொல்லும். புலியும் வேண்டாம். பிள்ளை இப்பதான் பிறந்திருக்கு," என்றார். பல நாளுக்குப்பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அவர்களுடைய ராசிக் கணக்கிலும் அந்த மாதத்துக்கு மீன், எங்களுடைய கணக்கிலும் மீன். ஆகவே மீன் என்று முடிவாயிற்று. ரூத்தின் சிங்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதற்குக் கவலைப்பட மாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி தொற்றிவிட்டதாம். டொக்டர்மார் கூடி நின்று மெதுவாகக் கதைத்தார்கள். மெதுவாகக் கதைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு முன்பே தெரியும். அந்த மலேசியாப் பெண், இங்கே நிற்க வேண்டாம், வெளியில் போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். வீட்டுக்குப் போகப் பயம். கால் என்னை அறைக்குக் கொண்டுபோனது.

ரூத் ஜன்னல் பக்கத்து மேசையில் பட்டியை விரித்துவைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவசரமாகச் சுருட்டப் பார்த்தாள். சுருட்டமுன் நான் தையலைப் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கோணலை என் தொழிலில் நான் கண்டதில்லை. ஒரு துண்டு மேலே, ஒரு துண்டு கீழே, இடையில் நூல் சுருங்கி இழுத்துக்கொண்டு நின்றது. பிள்ளை அங்கே உயிருக்குப் போராடுகிறது, எனக்கு இங்கே தையலில் கோபம் வருகிறது. மனுஷ மனம் என்ன சாமானால் செய்ததோ தெரியாது. பறித்தெடுத்துப் பிரிக்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் பிரித்து, தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணி, மெஷினில் போட்டு நேராகத் தைத்தேன். தைக்கத் தைக்க, தோய்த்தும் போகாத அந்தப் பால்மணம் சூட்டில் எழும்பியது. பாதியில்தான் உறைத்தது, என் பிள்ளை வாழ்வதற்கான துணியை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுதான் பிழை என்று பட்டது.

அவள் வேண்டுமென்றே அப்படிக் கோணலாகத் தைத்தாளா என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தன்னால் ஏலுமான அளவு நேராகத் தைத்தது என்று மனம் நொந்து சொல்வாள். அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

பட்டியின் தொடக்கத்தில் ஒரு துண்டு வெறுமையாக இருந்தது. அடுத்த துண்டில் மீனைப் பென்சிலால் கீறியிருந்தாள், அதற்கப்பால் சிவம் எழுதிக்கொடுத்த வரிகள். பெயருக்கும் ஒரு இடம் விட்டிருந்தாள், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபிறகு எழுத. முதல் துண்டில் மட்டும் ஒன்றுமில்லை. மிஞ்சிய துணி என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். ரூத் எட்டி என் கையைப் பிடித்தாள்.

"அதை வெட்டாதையும்."

"இதில ஒண்டும் இல்லையே."

"ஓம், ஒண்டும் எழுதேல்ல. இவவுக்கு முதல் ஒராள் இருந்ததல்லோ. அந்த ஆளின்ர இடம் அது."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதவள், வீட்டில் அழாதவள், மெஷினில் தலையை வைத்து அழுதேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளுக்காக அல்ல, மற்றதுக்காக. ரூத் கத்தரிக்கோலை எடுத்து அப்பால் வைத்தாள். அழுது முடிந்ததும், ஒரு துண்டு இன்னும் தைக்கவில்லை என்று காட்டினாள். அதையும் தைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. பிறகும் கொஞ்சக் காலம் ஏற்ற இறக்கமாகத்தான் இருந்தது. பிறந்திருக்க வேண்டிய காலத்தில் மகளைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரணி என்று பெயர் வைத்தோம். ரூத் பெயரை எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்களுடைய வேத மொழியை எழுதிப் பழகிய கை, வலமிருந்து இடம் போகிற கை. ஆகையால் தமிழையும் கடைசி எழுத்திலிருந்து தொடங்கித் தலைக்கு வந்தாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

மூன்றாம் வயதில் விஜயதசமிக்கு விம்பிள்டன் கோயிலில் ஏடு தொடக்கினோம். ரூத் காலுறையோடு வந்து நிலத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். எங்களிடம் கட்டுவதற்கு வேதச் சுருள் ஏது, பட்டியை ஆரணியின் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டோம். ஐயர் பார்த்துவிட்டு, இது என்ன புதுச் சம்பிரதாயம், எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டார். நோர்பரிப் பக்கம் என்றார் சிவம். அரிசியில் முதல் எழுத்து எழுதியதும் ஆரணி பலமாகத் தும்மி அரிசியெல்லாம் பறந்தது. நல்ல நுரையீரல் என்று ரூத் என் காதில் சொன்னாள்.

இப்போது அந்தக் கடை மின்சிகரெட் விற்கிற கடை. மேலே எங்கள் அறையை வீடாக்கி யாரோ குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குச் சாம்பல் நிறத்தில் மறைப்பு போட்டிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கு ரூத் எவ்வளவு ஆசைப்பட்டாள். பட்டி ஆரணியிடம் இருக்கிறது. அவள் மூச்சுவிடாமல் கதைப்பவளாக வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்வருகிறாள். சேலைத்துணியில் இருந்த மணம் எப்போதோ போய்விட்டது. ரூத்துக்கு நோய் வந்ததும் தெரியாது, அவள் போனதும் தெரியாது, அவ்வளவு கெதியில் முடிந்துபோயிற்று. அவர்கள் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை. செய்தி வந்து நான் ஒரு நல்ல சேலையைத் தேடி எடுக்கமுன் எல்லாம் முடிந்திருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அறைக்கு யார் வந்தாலும் என்னை அறிமுகம் செய்துவைப்பாள். "இவதான் என்ர பங்காளி. இவவுக்கு ரெண்டு பிள்ளையள்." முதல்முறை சொன்னபோது நான் முறைத்தேன். அவள் சட்டை செய்யவில்லை. மணமகள்மாருக்குச் சொல்வாள், தபால்காரருக்குச் சொல்வாள், ஹீட்டர் திருத்த வந்தவருக்கும் சொல்வாள். வருஷக்கணக்கில் சொன்னாள். பிறகு பிறகு அவள் எப்போது சொல்வாள் என்று நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினேன். மானை நாயாக்கின கைக்கு, சிங்கத்தைப் பூனையாக்கின கைக்கு, நான் பட்ட கடன் அந்த 'ரெண்டு'.

இப்போது கோயிலில் புதிதாகப் பழகுகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். ஒன்று என்கிறேன். திருத்துவதற்கு ஆளில்லை.